குழந்தைகளின் பெருநாள் காசும் கொக்கி எந்திரமும்



நோன்புப் பெருநாள் தொழுகை முடிந்து, உறவினர் வீடுகளுக்குச் சென்று ஸலாம் கூறித் திரும்பும் பிள்ளைகளின் சட்டைப்பையில் அன்று கொஞ்சம் காசு இருக்கும். பாட்டனார் கொடுத்த நூறு, மாமி கொடுத்த ஐம்பது, பக்கத்து வீட்டார் கொடுத்த இருபது. முன்பெல்லாம் அந்தக் காசு உண்டியலுக்குப் போகும். இல்லையேல் ஐஸ் கிரீமுக்கும் பலூனுக்கும் போகும். இன்று தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டை, மேடவாக்கம் பகுதிகளில் அது போகுமிடம் மாறிவிட்டது. பெருநாள் மாலையிலேயே வேளச்சேரிக்கும் பழைய மாமல்லபுரம் சாலைக்கும் குடும்பம் குடும்பமாகக் கிளம்புகிறோம். வணிக வளாகத்தின் மேல்தளத்தில் உள்ள கேம் ஜோனின் வாசலில் புத்தாடை அணிந்த நம் பிள்ளைகள் வரிசையில் நிற்கின்றனர். பெருநாள் காசு ஒரு பிளாஸ்டிக் கார்டுக்குள் ஏறுகிறது. இரண்டு மணி நேரத்தில் தீர்ந்துவிடுகிறது.

இதைப் பற்றி எழுத வேண்டும் என்ற எண்ணம் நீண்ட நாட்களாக இருந்தது. எங்கள் மஹல்லாவில் அண்மையில் நடந்த ஒரு நிகழ்வு இனியும் தள்ளிப்போட முடியாதபடி செய்துவிட்டது. மக்தப் மதரஸாவில் இவ்வாண்டு குர்ஆன் ஓதி முடித்த பிள்ளைகளுக்குப் பரிசாக ஒரு நாள் உல்லாசப் பயணம் ஏற்பாடாகியது. நல்ல முயற்சி. ஆனால் அழைத்துச் செல்லும் இடம் கேம் ஜோன் என்றும், ஒவ்வொரு பிள்ளைக்கும் ஐந்நூறு ரூபாய்க்குக் கார்டு போட்டுக் கொடுப்பது என்றும், அந்தத் தொகையை ஜமாஅத் பொதுநிதியிலிருந்து எடுப்பது என்றும் முடிவாயிற்று. நாங்கள் சில பெற்றோர்கள் எழுந்து மறுப்புத் தெரிவித்தோம். கூட்டத்தில் சலசலப்பு எழுந்தது. ஒரு பெரியவர் வருத்தத்துடன், "எல்லாவற்றையும் ஹராம் ஹராம் என்று சொல்லிக்கொண்டிருந்தால், நாளை இந்தப் பிள்ளைகள் பள்ளிவாசல் பக்கமே வரமாட்டார்கள், பாருங்கள்" என்றார்.

அவருடைய கவலை உண்மையானது. அதைச் சிரித்து ஒதுக்க எங்களுக்கு மனம் வரவில்லை. எனவே அவருக்கும், அவரைப் போல எண்ணுகின்ற எல்லாப் பெற்றோருக்கும் முழுமையாக விடை கூறக் கடமைப்பட்டிருக்கிறோம்.

எதை நாம் எதிர்க்கவில்லை?

முதலில் இதைத் தெளிவுபடுத்திவிடுகிறோம். விளையாட்டை நாம் எதிர்க்கவில்லை. பெருநாளன்று அபிசீனியர்கள் மஸ்ஜிதுந் நபவீயில் ஈட்டி விளையாடியதையும், அண்ணலார் (ஸல்) அவர்கள் அதைத் தடுக்காததோடு அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் பார்ப்பதற்கும் இடமளித்ததையும் நாம் அறிவோம். மோதி விளையாடும் கார், காற்று மேசையில் வட்டைத் தள்ளும் ஆட்டம், குதித்து விளையாடும் வலைமெத்தை ஆகியவற்றுக்கும் கேம் ஜோனில் காசு கொடுக்கத்தான் வேண்டும். கொடுத்த காசுக்கு ஐந்து நிமிடம் விளையாட்டுக் கிடைக்கிறது. கணக்கு அத்துடன் முடிந்துவிடுகிறது. இது வாடகைக்கு மிதிவண்டி எடுப்பது போன்றது. இதில் மார்க்கத்திற்கு முரணானது எதுவுமில்லை என்பதே எங்கள் எண்ணம்.

நாம் பேசுவது இன்னொரு வகையைப் பற்றி. காசைப் போட்டால் டிக்கெட்டைக் கக்கும் எந்திரங்கள். பொம்மையைக் கொக்கியால் கவ்வும் கண்ணாடிப் பெட்டிகள். நாணயத்தை விட்டு நாணயக் குவியலைத் தள்ளும் எந்திரங்கள். சுழலும் விளக்கைச் சரியான நொடியில் நிறுத்தினால் 'ஜாக்பாட்' என்று அலறும் எந்திரங்கள். கேம் ஜோனுக்குள் நுழைந்து ஒரு முறை கண்ணைச் சுழற்றிப் பாருங்கள். பாதிக்கு மேற்பட்ட இடத்தை இவைதாம் அடைத்துக்கொண்டிருக்கும். முதலாளி வாடகையை வீணாக்குபவர் அல்லர். எது அதிகம் ஈட்டுகிறதோ அதற்குத்தான் இடம் கொடுப்பார்.

இந்த எந்திரங்கள் எப்படி ஈட்டுகின்றன?

இதன் பிள்ளையார் சுழி அமெரிக்காவில் போடப்பட்டது என்பர். பந்தை உருட்டிப் புள்ளி சேர்க்கும் ஸ்கீ பால் 1908இல் காப்புரிமை பெற்றது. அட்டாரி நிறுவனத்தைத் தொடங்கிய நோலன் புஷ்னெல் 1977இல் கலிஃபோர்னியாவின் சான் ஹோசே நகரில் ஒரு பீட்சா உணவகத்தைத் திறந்தார். சக் இ. சீஸ் என்று பின்னர் உலகெங்கும் அறியப்பட்டது அதுதான். பீட்சா வேகும் வரை பிள்ளைகள் எந்திரங்களில் காசு போட்டுக்கொண்டிருப்பார்கள் என்பது அவர் கண்ட வழி. இன்று நம் ஊர் வணிக வளாகங்களில் உணவுக்கூடத்தையும் கேம் ஜோனையும் ஒரே தளத்தில் வைப்பதும் அதே சிந்தனையின் நீட்சியே.

இந்த வணிகத்தின் வலிமை நான்கு கண்ணிகளில் அடங்கியிருக்கிறது.

முதற்கண்ணி கார்டு. பத்து ரூபாய் நாணயத்தைக் கையிலிருந்து பிரியும்போது பிள்ளைக்கு வலிக்கும். கார்டை இழுக்கும்போது வலிக்காது. எந்திரத்தின் மேல் விலை ரூபாயில் எழுதப்படாமல் புள்ளிகளாக எழுதப்பட்டிருந்தால், எவ்வளவு செலவாயிற்று என்று பெரியவர்களுக்கே விளங்குவதில்லை. ஆயிரத்துக்குப் போட்டால் இருநூறு இலவசம் என்று அறிவித்து, தேவைக்கு மேல் ஏற்றவைப்பார்கள். வீடு திரும்பும்போது கார்டில் முப்பதோ நாற்பதோ மீந்திருக்கும். அதை வைத்து எந்த எந்திரத்திலும் ஆட முடியாது. அந்த மீதி நம்மை மீண்டும் அழைத்து வரும். வராவிட்டால் அவர்களுடைய பணமாகவே நின்றுவிடும்.

இரண்டாவது கண்ணி டிக்கெட். இது எந்திரம் அச்சடிக்கும் போலி நாணயம். ஒரே ஆட்டத்தில் நாற்பது டிக்கெட் சரசரவென்று வெளிவரும்போது பிள்ளை தன்னைச் செல்வந்தனாக எண்ணுகிறது. ஒரு டிக்கெட்டின் மதிப்பு எத்தனை காசு என்பது எங்கும் எழுதப்பட்டிருப்பதில்லை. ரூபாயிலிருந்து புள்ளி, புள்ளியிலிருந்து டிக்கெட், டிக்கெட்டிலிருந்து பொருள் என மூன்று முறை மாறிவிட்ட பின்னர் எந்தத் தகப்பனால் மனக்கணக்குப் போட முடியும்?

மூன்றாவது கண்ணி பரிசுக் கவுண்டர். கீழ்த்தட்டில் அழிப்பான், ரப்பர் வளையம், மிட்டாய். மேல்தட்டில் ரிமோட் கார், பெரிய கரடி, சில இடங்களில் கைபேசி. கீழ்த்தட்டு எட்டும் உயரத்தில் இருக்கும்; ஆனால் விருப்பத்தைத் தூண்டாது. மேல்தட்டு விருப்பத்தைத் தூண்டும், ஆனால் எட்டாது. எட்டாமல் போவதற்கு இன்னும் கொஞ்சம் டிக்கெட்தான் குறைவு என்று எப்போதும் தோன்றும்படி படிகள் அமைக்கப்பட்டிருக்கும். திரட்டிய வருமானத்தில் ஏறத்தாழக் கால் பங்கை ஒட்டியே பரிசுப் பொருட்களுக்குச் செலவிடுவது இத்தொழிலில் வழங்கிவரும் பொதுவான கணக்கு. அந்தப் பொருட்களும் மொத்த விலையில் வாங்கப்பட்டவை.

நான்காவதும் கொடியதுமான கண்ணி 'நூலிழையில் தவறுதல்'. பொம்மையைக் கவ்விய கொக்கி பாதி வழியில் தளர்ந்து கைவிடுவதைப் பார்த்திருப்பீர்கள். பிள்ளை "ச்சே, கொஞ்சத்துல போச்சு" என்கிறது. அது கொஞ்சத்தில் போகவில்லை, போகும்படி செய்யப்பட்டது. கொக்கி எந்திரங்கள் பலவற்றில் பிடியின் இறுக்கத்தை உரிமையாளர் கூட்டவும் குறைக்கவும் முடியும். எத்தனை ஆட்டத்திற்கு ஒரு முறை முழுப்பிடி கொடுக்க வேண்டும் என்பதையும் அமைத்துக்கொள்ள முடியும். இது கிசுகிசு அன்று. எந்திரத்துடன் வரும் கையேட்டிலேயே உள்ள செய்தி. சாவியைத் துளைக்குள் செலுத்தும் 'கீ மாஸ்டர்' என்ற எந்திரத்தின் மீது 2021இல் கலிஃபோர்னியாவில் வழக்குத் தொடுக்கப்பட்டது. திறமையான ஆட்டம் என்று காட்டப்படும் அது, குறிப்பிட்ட எண்ணிக்கையில் தோல்விகள் விழும் வரை வெற்றியை அனுமதிக்காது என்பதே அந்த வழக்கின் குற்றச்சாட்டு.

நூலிழைத் தோல்வி மனித மனத்தை என்ன செய்கிறது என்பதைக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் லூக் கிளார்க் குழுவினர் 2009இல் ஆராய்ந்து வெளியிட்டனர். நூலிழையில் தவறுவது முழுத் தோல்வியை விடக் கசப்பானது. ஆயினும் மீண்டும் ஆடத் தூண்டுவது அதுவே. மூளையில் வெற்றிக்குக் கிளர்ச்சியடையும் அதே பகுதிகள் இந்தத் தோல்விக்கும் கிளர்ச்சியடைகின்றன. ஆட்டத்தின் தேர்வு தம் கையில் இருப்பதாக ஆடுபவர் உணரும்போதுதான் இந்தத் தூண்டுதல் எழுந்தது என்பது இன்னும் கவனிக்கத்தக்கது. கொக்கி எந்திரத்தில் பிள்ளையின் கையில் ஏன் ஒரு பிடியைக் கொடுத்திருக்கிறார்கள் என்பது இப்போது விளங்குகிறதா? இன்னொரு செய்தியும் உண்டு. எப்போது கிடைக்கும் என்று தெரியாத பரிசுக்காக உயிரினம் ஓயாமல் பொத்தானை அழுத்திக்கொண்டே இருக்கும் என்பதை அமெரிக்க உளவியலாளர் பி. எஃப். ஸ்கின்னர் புறாக்களை வைத்தே நிறுவிவிட்டார். அந்தக் கூண்டில் இன்று புறாவின் இடத்தில் நிற்பது நம் பிள்ளை.

எங்கள் வீட்டுக் கதை

பிறரைக் குறை கூறுவதற்கு முன் எங்கள் குறையையும் சொல்லிவிடுகிறோம். சென்ற ஆண்டு பெருநாளுக்கு மறுநாள் எங்களில் ஒருவர் தம் ஒன்பது வயது மகனை இத்தகைய ஓரிடத்திற்கு அழைத்துச் சென்றார். அஸர் தொழுதுவிட்டுச் சென்றவர்கள். ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்க்குக் கார்டு. தீர்ந்தபோது கையில் நானூற்றுப் பன்னிரண்டு டிக்கெட். ஐந்நூறுக்கு ஒரு சிறு கார் இருந்தது. "அத்தா, இன்னும் எண்பத்தெட்டுதான். எடுத்துடலாம் அத்தா" என்றான் மகன். தகப்பனார் மறுக்கவில்லை. அவருக்கே ஆசை வந்துவிட்டிருந்தது. மேலும் ஐந்நூறு ரூபாய் ஏற்றினார். கார் கிடைத்தது. பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் அதைப் போன்றதை அறுபது ரூபாய்க்குப் பேரம் பேசி வாங்கலாம்.

இரண்டாயிரம் ரூபாய் போனது பெரிதன்று. வெளியே வந்தபோது இருட்டியிருந்தது. மஃரிப் தவறிப்போயிருந்தது. உள்ளே சன்னலும் இல்லை, கடிகாரமும் இல்லை. பாங்கொலி எட்டாத இரைச்சல் மட்டும் இருந்தது. சூதைத் தடை செய்யும் வசனத்தில், அதன் வாயிலாக ஷைத்தான் இறைநினைவை விட்டும் தொழுகையை விட்டும் நம்மைத் தடுக்க நாடுகிறான் என்று அல்லாஹ் காரணத்தையும் சேர்த்தே எச்சரிக்கிறான் (5:91). அன்று வண்டி நிறுத்துமிடத்தில் நின்றுகொண்டிருந்தபோது அந்த எச்சரிக்கை எங்களுக்கு உறைத்தது.

பொம்மைதானே, இது எப்படிச் சூதாகும்?

கூட்டத்தில் பலரும் கேட்ட கேள்வி இது. பணம் கிடைத்தால்தானே சூது, கிடைப்பது பொம்மைதானே என்றனர். இதற்கு விடை 'மைஸிர்' என்ற சொல்லிலேயே இருக்கிறது. அறியாமைக் காலத்து அரபியர் ஆடிய மைஸிரில் நாணயம் புழங்கவில்லை. ஓர் ஒட்டகத்தை அறுத்து அதன் இறைச்சியைப் பங்குகளாக்குவர். பத்து அம்புகளைப் பையிலிட்டுக் குலுக்கி எடுப்பர். ஏழு அம்புகளுக்குப் பங்கு உண்டு, மூன்றுக்கு இல்லை. வெறும் அம்பு வந்தவர் ஒட்டகத்தின் விலையைக் கொடுக்க வேண்டும். வென்றவர் பலர் அந்த இறைச்சியை ஏழைகளுக்கே வழங்கிவிடுவதும் உண்டு. சிந்தியுங்கள்: பரிசு இறைச்சி, அதுவும் ஏழைகளுக்கு. அத்தகைய ஆட்டத்தைத்தான் அல்லாஹ் மதுவோடு சேர்த்து, ஷைத்தானின் அருவருக்கத்தக்க செயல் என்று கண்டித்துத் தடுத்தான் (5:90). அதில் மக்களுக்குச் சில பயன்கள் உண்டு என்பதைக் குர்ஆன் மறுக்கவுமில்லை. பயனைவிடப் பாவம் பெரிது என்கிறது (2:219).

ஆகவே பரிசு பணமா பொம்மையா என்பது அளவுகோல் அன்று. காசைக் கொடுத்துவிட்டு, அதற்கு ஈடாக என்ன கிடைக்கும், கிடைக்குமா கிடைக்காதா என்பது தெரியாமல், ஒருவர் இழப்பதால் மற்றவர் பெறும் நிலையில் நிற்பதே அளவுகோல். ஒருவர் தம் நண்பரைச் 'சூதாட வா' என்று அழைத்துவிட்டால்கூட, அதற்குப் பரிகாரமாகத் தர்மம் செய்யட்டும் என்று நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியதாகப் புகாரியில் பதிவாகியுள்ளது. ஆடியதற்கு அன்று, அழைத்ததற்கே பரிகாரம். நாமோ பிள்ளைகளை அழைத்துச் செல்வதோடு, கார்டும் போட்டுக் கொடுக்கிறோம்.

இது எங்கள் சொந்தக் கண்டுபிடிப்பும் அன்று. நம்மில் பலரைப் போலவே ஷாஃபிஈ மத்ஹபைப் பின்பற்றும் இந்தோனேசியாவில், மத்திய ஜாவாவின் புர்வொரெஜோ மாவட்ட நஹ்தலத்துல் உலமா அமைப்பு 2022இல் பொம்மை கவ்வும் எந்திர ஆட்டத்தில் சூதின் கூறு இருப்பதாகக் கூறி அதை ஹராம் என அறிவித்தது. அங்கும் பெட்டிக்கடை வாசல்களில் பள்ளிப் பிள்ளைகள் தின்பண்டக் காசை அந்தப் பெட்டியில் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

கூறப்படும் சமாதானங்கள்

"விளையாட்டுக்குத்தான் காசு கொடுக்கிறோம், பரிசு உபரி" என்பது முதற்சமாதானம். இதைச் சோதித்துப் பார்க்க எளிய வழி உண்டு. அந்த எந்திரத்தில் டிக்கெட் வருவதை நிறுத்திவிடுங்கள். கண்ணாடிப் பெட்டியிலிருந்து பொம்மைகளை அகற்றிவிடுங்கள். வெறும் கொக்கியை மேலும் கீழும் இறக்க உங்கள் பிள்ளை எண்பது ரூபாய் தருமா? மோதும் காருக்குப் பரிசு இல்லாவிட்டாலும் வரிசை நிற்கிறது. கொக்கிக்கு நிற்காது. அப்படியானால் காசு எதற்குக் கொடுக்கப்படுகிறது என்பது விளங்கிவிட்டது.

"இது திறமைக்குரிய ஆட்டம்" என்பது இரண்டாவது. கூடைப்பந்தை வளையத்தில் எறிவதற்குத் திறமை வேண்டும்; உண்மைதான். ஆனால் பிடியின் இறுக்கமும் வெற்றியின் விகிதமும் உரிமையாளரின் திருகாணியில் இருக்கும்போது, பிள்ளையின் திறமை எதைச் சாதிக்கும்? எம். ஜே. சிவானி எதிர் கர்நாடக அரசு வழக்கில் 1995இல் உச்ச நீதிமன்றம் வீடியோ விளையாட்டுக் கூடங்கள் உரிமம் பெற வேண்டும் என்ற கட்டுப்பாட்டை ஏற்றது. எந்திரத்தை மாற்றியமைத்து விளைவைத் தீர்மானிக்க முடியும்போது ஆடுபவரின் திறமை பயனற்றுப்போகும் என்ற அச்சம் அந்த வழக்கில் முக்கிய இடம் பெற்றது. நம் ஊரின் பழைய வளையம் எறியும் கடையே இதைவிட நேர்மையானது. கோவளம் தர்கா கந்தூரியிலும் தீவுத்திடல் பொருட்காட்சியிலும் அந்தக் கடைகளைப் பார்த்திருக்கிறோம். அதுவும் கூடாததுதான். ஆயினும் வளையத்தின் அளவும் சோப்புப் பெட்டியின் அளவும் கண்ணுக்குத் தெரிந்தன.

"சட்டம் அனுமதிக்கிறதே" என்பது மூன்றாவது. எல்லா நாட்டுச் சட்டமும் ஒன்றுபோல் பார்க்கவில்லை. பிரிட்டனின் 2005ஆம் ஆண்டுச் சூதாட்டச் சட்டம் கொக்கி எந்திரத்தைச் சூதாட்ட எந்திரங்களின் பட்டியலிலேயே, 'டி' பிரிவில், வைத்திருக்கிறது. சிறுவர்களை ஆட அனுமதித்தாலும் அதன் பெயர் சூதாட்ட எந்திரம் என்பதை அச்சட்டம் மறைக்கவில்லை. நம் மாநிலத்தையே பாருங்கள். தெருவுக்குத் தெரு லாட்டரிச் சீட்டு விற்ற காலம் உண்டு. 2003இல் தடை வந்தது. இணையவழிச் சூதாட்டத்தால் தற்கொலைகள் நேர்ந்த பின், நீதியரசர் கே. சந்துரு தலைமையிலான குழுவின் அறிக்கையை அடுத்து, 2022இல் தமிழகச் சட்டப்பேரவை தடைச் சட்டம் இயற்றியது. ஆளுநர் திருப்பி அனுப்ப, 2023இல் மீண்டும் நிறைவேற்றப்பட்டது. 2025இல் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளை நாடு முழுவதும் தடுக்க மத்திய அரசே சட்டம் கொண்டுவந்தது. இன்று அனுமதிக்கப்பட்டது நாளை தடுக்கப்படுகிறது. மனிதச் சட்டம் பிணங்களை எண்ணிய பிறகே விழிக்கிறது. நாம் அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை.

"சிறு தொகைதானே, பிள்ளைகள் சூதாடிகளாகவா ஆகிவிடுவார்கள்" என்பது நான்காவது. எல்லாரும் ஆகிவிடுவார்கள் என்று நாங்கள் கூறவில்லை. நம்மில் பலர் பள்ளிக்கூட வாசல் பெட்டிக்கடையில் பிரைஸ் அட்டை கிழித்து வளர்ந்தவர்கள்தாம். ஆனால் அந்த அட்டையைக் கிழித்தபோது நம் பெற்றோர் அருகில் இல்லை. தெரிந்தால் அடி விழும் என்ற அச்சம் இருந்தது; அது தவறு என்ற அறிவும் கூடவே இருந்தது. இன்று தகப்பன் கார்டை நீட்டுகிறார், தாய் கைபேசியில் படம் பிடிக்கிறார், டிக்கெட் கொட்டும்போது குடும்பமே கைதட்டுகிறது. உழைப்பின்றி வரும் பேறு மகிழ்ச்சிக்குரியது. இழந்ததை இன்னொரு முறை போட்டு மீட்கலாம் – இந்த இரண்டு பாடங்களையும் பிள்ளை நம் மடியில் அமர்ந்து கற்கிறது. பதினெட்டு வயதில் கைபேசியில் ரம்மி விளம்பரம் தோன்றும்போது, அந்த ஒலியும் ஒளியும் அவனுக்குப் புதியவையாக இருக்கமாட்டா.

பிள்ளைகள் எங்கே போவார்கள்?

இனிப் பெரியவரின் கவலைக்கு வருகிறோம். இதுவே உண்மையான கேள்வி. தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் நகராட்சிகளை இணைத்து 2021இல் மாநகராட்சி உருவாயிற்று. வீடுகள் பெருகின, வெட்டவெளிகள் குறைந்தன. ஏரிக்கரைகள் சுருங்கின. அடுக்குமாடியில் பந்து எறிந்தால் கீழ்வீட்டார் சண்டைக்கு வருகின்றனர். கோடை வெயிலில் குளிரூட்டிய கூடம் ஒன்றுதான் புகலிடம் என்று ஒரு தாய் சொன்னால், அவரைக் குற்றம் சொல்ல எங்களுக்கு நா எழவில்லை. 'கூடாது' என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போகும் மார்க்க உரையை நாங்களும் விரும்பவில்லை.

ஆனால் ஆகுமானவற்றின் பட்டியல் நாம் எண்ணுவதைவிட நீண்டது. வண்டலூர் உயிரியல் பூங்கா தாம்பரத்திலிருந்து கூப்பிடு தூரம். கோவளம் கடற்கரைக்கு ஒரு மணி நேரம். கேம் ஜோனுக்கே போக வேண்டுமெனில், நேரத்திற்குக் கட்டணம் வாங்கும் குதிக்கும் கூடங்களும் பந்துச்சாலைகளும் உண்டு. மோதும் கார் உண்டு. டிக்கெட் கக்கும் பக்கம் மட்டும் வேண்டாம்.

பரிசே கூடாது என்றும் மார்க்கம் சொல்லவில்லை. அம்பெய்தல், குதிரை, ஒட்டகப் பந்தயங்களில் பரிசுக்கு அனுமதி இருப்பது ஹதீஸ்களால் அறியப்படுவதே. போட்டியிடுபவர்கள் காசு போடாமல், வெளியாள் ஒருவர் பரிசு வழங்கினால் அதில் சூது இல்லை என்பது ஃபிக்ஹு நூல்களில் பரவலாகக் காணப்படும் விளக்கம். யாரும் எதையும் இழக்கவில்லை, வென்றவர் பெற்றார். அவ்வளவுதான்.

எனவே ஜமாஅத் நிர்வாகிகளிடம் எங்கள் வேண்டுகோள் இதுவே. அந்த ஐந்நூறு ரூபாய்களை ஒன்றுசேருங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு மைதானத்தை வாடகைக்கு எடுங்கள். ஓட்டப்பந்தயம், கயிறிழுத்தல், கிரிக்கெட், பெண்பிள்ளைகளுக்குத் தனியே எறிபந்து வையுங்கள். குறி பார்த்து அம்பெய்யவும் கற்றுக்கொடுக்கலாம். மதிய உணவுக்கு ஒரு சட்டி பிரியாணி போடுங்கள். வென்றவருக்கு மிதிவண்டி ஒன்று கொடுங்கள். கலந்துகொண்ட எல்லாருக்கும் ஒரு புத்தகமும் ஒரு பந்தும் கொடுங்கள். அழிப்பானுக்கும் ரப்பர் வளையத்துக்கும் செலவாக இருந்த பணம் இத்தனைக்கும் போதும் என்று கணக்குப் போட்டே சொல்கிறோம். பரிமாறவும் நடுவராக நிற்கவும் மறுப்புத் தெரிவித்த நாங்களே முதலில் வருகிறோம்.

அந்தப் பணம் யாருடையது என்பதையும் நினைத்துப் பாருங்கள். குரோம்பேட்டை என்ற பெயரே குரோம் லெதர் கம்பெனியால் வந்தது. பல்லாவரம், நாகல்கேணித் தோல் பதனிடும் தொழிற்கூடங்களில் நாற்றத்திலும் வெயிலிலும் நின்று உழைத்தவர்களின் காணிக்கையால் எழுந்த பள்ளிவாசல்கள் இந்தப் பகுதியில் உண்டு. இன்றும் ஜும்ஆ நாளில் உண்டியலில் பத்து ரூபாய் போடும் ஆட்டோ ஓட்டுநர், தம் பணம் ஓர் எந்திரத்தின் கொக்கிக்குச் செல்லும் என்று எண்ணிப் போடவில்லை. அமானிதம் என்பது இதுதான்.

பெற்றோர்களிடமும் ஒன்று கேட்கிறோம். ஏற்கெனவே சென்று வந்தவர்கள் குற்ற உணர்வில் குமைய வேண்டாம், நாங்களும் சென்றவர்களே. அடுத்த பெருநாளுக்கு முன் பிள்ளையை அருகில் அமர்த்தி, ஒரு தாளில் கணக்கை எழுதிக் காட்டுங்கள். போட்டது இவ்வளவு, வந்தது இவ்வளவு, அதே பொருள் கடையில் இவ்வளவு. கொக்கி ஏன் தளர்கிறது என்பதையும் சொல்லுங்கள். ஏமாற்றப்படுவதைப் பிள்ளைகள் நம்மைவிட அதிகமாக வெறுப்பார்கள். எங்களில் ஒருவருடைய மகன் அந்தக் கணக்கைப் பார்த்துவிட்டு, "அப்ப அந்த மெஷின் முன்னாடியே முடிவு பண்ணிருச்சா அத்தா?" என்றான். ஹராம் என்ற சொல்லை விளக்க அதற்கு மேல் எங்களுக்கு எதுவும் தேவைப்படவில்லை.

பெரியவரே, உங்கள் பேரப்பிள்ளைகள் பள்ளிவாசலுக்கு வரவேண்டும் என்பதே எங்கள் விருப்பமும். எந்திரம் அழைத்து வரும் பிள்ளை எந்திரத்திடமே திரும்பிப் போகும். நம்மோடு ஓடி விளையாடி, நம் கையால் உணவு உண்ட பிள்ளை நம்மிடம் வரும், இன்ஷா அல்லாஹ். அடுத்த கூட்டத்தில் இம்முடிவை மறுபரிசீலனை செய்யும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

நம் பிள்ளைகளின் கண்களையும் கைகளையும் ஹலாலான மகிழ்ச்சியால் நிறைத்து, நம் பொருளில் பரக்கத் செய்ய வல்ல அல்லாஹ் போதுமானவன். ஆமீன்.